கார் கதவுக் கண்ணாடியை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கதவுக் கண்ணாடியை மாற்றும் வேலையில் கண்ணாடியை மாட்டுவதுதான் மிகச் சிறிய பகுதி. பல கார்களில் இரண்டே போல்ட்டுகள். மற்ற நேரமெல்லாம் உடைந்த துகள்களை அகற்றுவதிலும், கதவின் உள்பக்கத்தை எதையும் உடைக்காமல் திறந்து மூடுவதிலும் கழிகிறது. புதிதாகச் செய்பவர்கள் அவசரப்படுவதும் தடுமாறுவதும் இந்த இடங்களில்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழி செய்து கொடுப்பதற்காகவே அந்த இடத்தில் இருக்கிறது.

1. முதலில் உங்கள் கதவைப் பாருங்கள்

கண்ணாடியைச் சுற்றி மேலே உலோகச் சட்டம் உள்ள கதவு என்றால் இந்த வேலையை வீட்டில் செய்யலாம். இரண்டு கதவுக் கூப்பே, கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள் கார்களில் இருப்பதுபோல் சட்டம் இல்லாத கதவு என்றால் வேண்டாம். அங்கே கண்ணாடியின் சாய்வு, உயரம், உள்ளழுத்தம் (மூடும்போது ரப்பரில் அழுந்தும் அளவு) மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டவர்கள் காற்றின் இரைச்சலோடும் மழைக் கசிவோடும்தான் முடித்திருக்கிறார்கள்.

அடுத்து, உடைந்தது எந்த வகைக் கண்ணாடி என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் பக்கக் கதவுகளில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி; உடைந்தால் சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்துவிடும். சில கார்களின் முன்கதவுகளில் நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி இருக்கும். அது விரிசல் விட்டாலும் உதிராது. கண்ணாடியின் மூலையில் அச்சிட்ட முத்திரையில் வகை இருக்கும். உங்கள் கதவில் மிச்சமில்லை என்றால் எதிர்ப்பக்கக் கதவில் பாருங்கள். எந்த வகை இருந்ததோ அதே வகையைத்தான் வாங்க வேண்டும். தடிமன் மாறினால் ரப்பர் தடத்தில் இறுகும், இல்லையென்றால் தடதடக்கும்.

2. வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கண்ணாடி வாங்கினால் தவறான கண்ணாடி வர வாய்ப்பு அதிகம். ஒரே ஆண்டில் ஒரே காரில் இரண்டு வகைக் கண்ணாடிகள் வந்திருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். எந்தக் கதவு, மேலும் கீழும் நகரும் கண்ணாடியா அல்லது பின்கதவின் ஓரத்தில் நிலையாக இருக்கும் முக்கோணத் துண்டா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கண்ணாடியின் கீழ் விளிம்பை ரெகுலேட்டர் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி) எப்படிப் பிடிக்கிறது என்பது மிக முக்கியம். சிலவற்றில் கண்ணாடியில் துளைகள் இருக்கும். சிலவற்றில் துளையில்லாமல் கவ்விகள் இறுக்கிப் பிடிக்கும். சிலவற்றில் கீழே ஓர் உலோகப் பட்டையோ பிளாஸ்டிக் கால்களோ ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டும் வகை என்றால் அந்தப் பட்டை ஏற்கெனவே ஒட்டப்பட்ட கண்ணாடியையே தேடி வாங்குங்கள். அதை வீட்டில் சரியான கோணத்தில் ஒட்டுவது தனிக் கலை.

துளை இடம் மாறியிருந்தால் துளையிட்டுக்கொள்ளலாம், ஓரத்தைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது. அதன் இழுவிசை சமநிலை குலைந்து முழுக் கண்ணாடியும் உதிர்ந்துவிடும்.

கண்ணாடியோடு சேர்த்து அந்தக் காருக்கான டோர் பேட் (கதவின் உள்பக்க மூடுபலகை) கிளிப்புகள் சிலவற்றையும் வாங்கி வையுங்கள். பழையவற்றில் இரண்டு மூன்றாவது உடையும்.

3. கருவிகள்

தடித்த கையுறை, கண்களை முழுமையாக மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை இவை மூன்றும் கட்டாயம். கையைக் கிழிப்பது பெரும்பாலும் உடைந்த கண்ணாடி அல்ல. கதவின் உள்தகட்டில் வெட்டப்பட்ட துளைகளின் விளிம்புகள்தான்.

திருப்புளிகள், நட்சத்திரத் தலைத் திருகுகளுக்கான முனைகள், 8, 10 எண் பாக்ஸ் ஸ்பேனர்கள், நீட்டுக் கம்பி, பிளாஸ்டிக் நெம்புகோல்கள், மாஸ்கிங் டேப், டார்ச், கட்டிகளை உறிஞ்சும் திறனுள்ள வேக்குவம் கிளீனர், ஒரு தடித்த போர்வை போதும். உலோகத் திருப்புளியால் பிளாஸ்டிக்கை நெம்பாதீர்கள். அந்தத் தழும்பு கார் இருக்கும்வரை கண்ணில் படும். பை பொருத்திய சாதாரண வீட்டு வேக்குவம் என்றால் துகள்கள் பையைக் கிழித்துவிடும். தொட்டி வகையே நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் காரின் கதவைத் திறக்கும் முறையைச் சேவை கையேட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள். மறைவான திருகுகள் எங்கே என்பது காருக்குக் கார் மாறும்.

4. புதுக் கண்ணாடி வரும்வரை

திறந்த ஜன்னலைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் வெளிப்பக்கமிருந்து மூடுங்கள். பெயிண்டின் மேல் முதலில் மாஸ்கிங் டேப் ஒரு வரிசை ஒட்டி, அதன் மேல்தான் வலுவான டேப்பை ஒட்ட வேண்டும். வலுவான டேப்பை நேரடியாகப் பெயிண்டில் ஒட்டி வெயிலில் விட்டால் பசை வெந்து பிடித்துக்கொள்ளும்.

இந்த இடைவெளியில் ஜன்னல் சுவிட்சைத் தொடக்கூடாது. அந்தக் கதவின் சுவிட்சு மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஓட்டுநர் பக்கச் சுவிட்சை மறக்காதீர்கள். கதவுக்குள் கிடக்கும் துகள்கள் ரெகுலேட்டரின் தண்டவாளத்திலும் கேபிள் உருளையிலும் மாட்டிக்கொண்டால், கண்ணாடியோடு ரெகுலேட்டரும் வாங்க வேண்டிவரும்.

5. காருக்குள் துகள்களை அகற்றுதல்

கதவைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் வேலை முழுவதும் துகள்களின் மேல் முழங்காலிட்டு நிற்பீர்கள்.

மேலிருந்து கீழாக வாருங்கள்: டேஷ்போர்டு, இருக்கை, பிறகு தரை. இருக்கையை முழுக்க முன்னே தள்ளியும் பின்னே தள்ளியும் தண்டவாளங்களை உறிஞ்சுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்துத் துடையுங்கள். துகளோடு சுருண்டால் பட்டை அறுபடும். பெல்ட் பூட்டின் வாயையும் காற்றுத் துவாரங்களையும் பாருங்கள். குழந்தை இருக்கை இருந்தால் துணியைக் கழற்றி, மடிப்புக்கு மடிப்பு விரலால் தடவாமல் டேப்பால் ஒற்றி எடுங்கள். தரைவிரிப்பில் வேக்குவத்துக்கு வராத நுண்துகள்களுக்கும் டேப்பின் பசைப்பக்கமே சரியான கருவி.

கதவின் மேல் விளிம்பில் உள்ள பிளவில் நிற்கும் துண்டுகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள். அங்கே தட்டினால் அவை உள்ளே விழும், இழுத்து எடுங்கள்.

6. பேட்டரி, ஏர்பேக் இணைப்புகள்

இக்னிஷனை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். ஏர்பேக் அமைப்பில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும் என்பதே காரணம். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ குறியீடு கேட்கும். அந்தக் குறியீடு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நிற இணைப்பான், மஞ்சள் உறையிட்ட வயர் ஆகியவை பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைக் கழற்றிய நிலையில் இக்னிஷனைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிழை பதிவாகிவிடும்.

பல கார்களின் முன்கதவுக்குள் காற்றழுத்த உணரி ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு மோதலில் கதவுக்குள் ஏற்படும் திடீர் அழுத்த மாற்றத்தை வைத்து ஏர்பேக்கை விரிக்கச் சொல்வது அதுதான். ஆகவே டோர் பேட் கழன்ற நிலையில், இக்னிஷன் போட்டிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். யாராவது வந்து கதவை அறைந்து சாத்தும் சூழல் என்றால் அவர்களை அப்புறப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

7. டோர் பேடைக் கழற்றுதல்

திருகுகள் எல்லாம் வந்துவிட்டன என்று நம்பி இழுப்பவர்கள்தான் டோர் பேடை உடைக்கிறார்கள். திருகுகள் ஒளிந்திருக்கும் இடங்கள்: கதவை இழுக்கும் கைப்பிடிக் குழிக்குள், உள் கைப்பிடியின் பின்னால் ஒரு சிறு மூடியின் கீழ், சுவிட்சுப் பலகையின் அடியில், கண்ணாடி மூலையின் முக்கோண மூடியின் பின்னால், பேடின் கீழ் விளிம்பில். ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க அது இருந்த இடத்தின் பெயர் எழுதிய தாளில் டேப்பால் ஒட்டி வையுங்கள். நீளம் மாறிய திருகு பேடைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கையால் சுற்றும் ஜன்னல் என்றால் சுழற்றுக் கைப்பிடியின் பின்னால் குதிரைலாட வடிவக் கம்பிப் பூட்டு இருக்கும். ஒரு துணித் துண்டைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே விட்டு இருபுறமும் மாறி மாறி இழுத்தால் நூல் அந்தப் பூட்டில் மாட்டி அதை வெளியே தள்ளும். அது துள்ளிப் போகும். இன்னொரு கை அருகில் இருக்கட்டும்.

திருகுகள் முடிந்ததும் பேடின் கீழ் மூலையில் பிளாஸ்டிக் நெம்புகோலைக் கிளிப்புக்கு மிக அருகில் செருகி நெம்புங்கள். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் கிளிப் கழலாது. பேடின் அட்டைதான் கிழியும். கீழும் இருபக்கமும் விடுபட்ட பிறகு பேடை மேல்நோக்கித் தூக்க வேண்டும். ஏனென்றால் அதன் மேல் விளிம்பு ஜன்னல் பிளவில் கொக்கியாகத் தொங்குகிறது.

தூக்கியதும் அப்படியே எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள். பின்னால் சுவிட்சு வயர்களும் உள் கைப்பிடியின் கேபிளும் இருக்கின்றன. ஒரு கையால் பேடைத் தாங்கி மறுகையால் அவற்றை விடுவியுங்கள். கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்தால் திரும்ப மாட்டும்போது யோசிக்க வேண்டியதில்லை.

8. உள்தாளைப் பிரித்தல்

பேடின் பின்னால் கதவு முழுவதையும் மூடிய பிளாஸ்டிக் தாளோ நுரைத் தாளோ கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இதைக் கிழித்து எறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தூசிக்காக வைத்த தாள் என்று எண்ணிவிடுகிறார்கள்.

மழை பெய்யும்போது கண்ணாடியின் வெளிமுகத்தில் வழியும் நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியே அது வெளியேறும். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள் ஒன்றுதான். தாள் கிழிந்த கார்களில் சில வாரங்கள் கழித்துத் தரைவிரிப்பு ஈரமாகி நாறும். அதற்கும் கண்ணாடி மாற்றியதற்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தோன்றாது.

தாளை மெல்ல இழுத்தபடி, பசையின் நடுவே கத்தியால் அறுத்துக்கொண்டே போங்கள். பசை பாதி தாளிலும் பாதி கதவிலும் இருக்க வேண்டும். பசையைக் கையால் தொடாதீர்கள். தூசி படிந்த பசை திரும்ப ஒட்டாது. முழுவதும் எடுக்கத் தேவையில்லை. வேண்டிய அளவு பிரித்து மேலே சுருட்டி டேப்பால் நிறுத்துங்கள்.

சில கார்களில் தாளுக்குப் பதில் உலோக அல்லது பிளாஸ்டிக் பலகை ஒன்று திருகப்பட்டு, ரெகுலேட்டரே அதன் மேல் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே கண்ணாடிப் போல்ட்டுகளுக்கென்று ரப்பர் மூடியிட்ட சிறு துளைகள் இருக்கும். போல்ட்டுகளுக்காகப் பலகையை எடுக்க வேண்டியதில்லை.

9. கதவின் வயிற்றுக்குள் சுத்தம்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். ஒரு முழுக் கண்ணாடியின் பெரும் பங்கு இப்போது கதவின் அடியில் கிடக்கிறது. முதலில் பெரிய கட்டிகளைக் கையுறையோடு அள்ளுங்கள், பிறகு வேக்குவம், பிறகு கதவை உள்ளங்கையால் தட்டி மீண்டும் வேக்குவம். தட்டும்போது சலசலப்பு முற்றிலும் நிற்கும்வரை விடாதீர்கள்.

வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். கண்ணாடித் துகளும் பழைய சேறும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தை மேலிருந்து கீழ்வரை விரித்துப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரே ஒரு துகள் அங்கே இருந்தாலும் புதுக் கண்ணாடியில் நெட்டுக்குக் கீறல் விழும். பிளவின் இருபுறமும் உள்ள துடைப்பு ரப்பர்களின் இதழ்களுக்குள்ளும் துகள்கள் செருகி நிற்கும்.

ரெகுலேட்டரின் கவ்விகளில் பழைய கண்ணாடித் துண்டு இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி எடுங்கள். கவ்விக்குள் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கண்ணாடியும் உலோகமும் நேரடியாக உரசாமல் காப்பது அதுதான். அது இல்லாமல் இறுக்கிய கண்ணாடி, முதல் பள்ளத்திலோ அடுத்த வெயிலிலோ தானாக உதிரலாம். உறை நைந்திருந்தால் மாற்றுங்கள்.

ரெகுலேட்டரின் மோட்டாரை மட்டும் கழற்ற வேண்டாம். கத்தரிக்கோல் போல் மடங்கும் உலோகக் கைகள் உள்ள வகையில் பலமான சுருள்வில் ஒன்று இழுவிசையோடு இருக்கிறது. மோட்டார் கழன்றால் அந்த உலோகக் கை துள்ளி விரலை நசுக்கும். கேபிள் வகையில் உருளையிலிருந்து கேபிள் அவிழ்ந்துவிடும்.

10. ரெகுலேட்டரை வேலை நிலைக்குக் கொண்டுவருதல்

கதவு சுத்தமான பிறகே இந்தப் படி. மஞ்சள் இணைப்பான்கள் எதையாவது கழற்றியிருந்தால் முதலில் மாட்டுங்கள். பிறகு சுவிட்சுப் பலகையை அதன் வயரோடு இணையுங்கள். அதன் பிறகே பேட்டரி, கடைசியாக இக்னிஷன். சுவிட்சைத் தட்டித் தட்டிக் கவ்விகளை உள்தகட்டின் துளைகளுக்கு நேரே கொண்டுவாருங்கள். இரண்டு போல்ட்டுகளும் ஒரே சமயத்தில் தெரியும் உயரம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஜன்னல் பாதி இறங்கிய நிலைக்கு அருகில். அந்த உயரத்தைத் தகட்டில் டேப்பால் குறியுங்கள். பிறகு இக்னிஷனை அணைத்துவிடுங்கள். விரல்கள் உள்ளே இருக்கும்போது யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது.

11. புதுக் கண்ணாடியை இறக்குதல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். டெம்பர்டு கண்ணாடியின் முகம் வலுவானது. விளிம்பும் மூலையும்தான் பலவீனம். ஆகவே கண்ணாடியை ஒருபோதும் மூலையை ஊன்றித் தரையில் நிறுத்தாதீர்கள். போர்வையில் படுக்க வைத்து, எந்தப் பக்கம் வெளியே என்பதை வளைவை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வளைவு வெளிப்பக்கம் புடைத்திருக்க வேண்டும்.

முன்கதவில் பொதுவாகக் கண்ணாடியின் முன்மூலையைத் தாழ்த்தி, பின்பகுதியை உயர்த்திச் சாய்வாகப் பிளவில் நுழைத்து, உள்ளே போனதும் நேராகத் திருப்ப வேண்டும். இடறினால் அழுத்தாதீர்கள்; வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றுங்கள். சில கார்களில் பிளவு போதாது. உள்பக்கத் துடைப்பு ரப்பரைக் கழற்றினால் வழி கிடைக்கும்.

பின்கதவில் நிலையான துண்டுக்கும் நகரும் கண்ணாடிக்கும் நடுவே நெட்டுக் கம்பி ஒன்று இருக்கும். அதன் மேல்முனைத் திருகு ரப்பரின் அடியிலும், கீழ் போல்ட்டு கதவுக்குள்ளும் ஒளிந்திருக்கும். இரண்டையும் எடுத்துக் கம்பியைச் சாய்த்தால்தான் கண்ணாடி இறங்கும். இதைத் தெரியாமல் கண்ணாடியை நெருக்கிப் புதியதையும் உடைத்தவர்கள் உண்டு.

கண்ணாடி கவ்விகளில் உட்கார்ந்ததும் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். இன்னும் இறுக்கக்கூடாது.

12. நேர்ப்படுத்தி இறுக்குதல்

ஒருவர் கண்ணாடியை இரு உள்ளங்கைகளாலும் தாங்கட்டும், மற்றவர் இக்னிஷனைப் போட்டுச் சுவிட்சால் மெதுவாக மேலே ஏற்றட்டும். மேல் ரப்பர் தடத்தில் முழுதாக அமரும்போது கண்ணாடி தன் சரியான கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். போல்ட்டுகளைத் தளர்வாக விட்டதன் காரணம் இதுதான். கீழே இருக்கும்போதே இறுக்கிவிட்டால், சாய்ந்த கண்ணாடி ஒரு பக்கம் உரசிக்கொண்டே ஏறும்.

மேலே இருக்கும்போது போல்ட்டுகளை எட்ட முடிந்தால் அங்கேயே இறுக்குங்கள். முடியாவிட்டால் கண்ணாடிக்கும் கவ்விக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, டேப் குறி வரை இறக்கி, கோடு மாறாமல் இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம் என்பதைக் கையேட்டின்படி வையுங்கள். அது வழக்கமாகச் சிறிய எண்தான். நீண்ட பிடியுள்ள ஸ்பேனர் வேண்டாம். இன்னும் கொஞ்சம் என்று கொடுக்கும் கடைசித் திருப்பில்தான் கண்ணாடிகள் உடைகின்றன.

13. பேடை மாட்டும் முன் சோதனை

ஜன்னலைப் பலமுறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். ஒரே வேகத்தில், ஒரே ஒலியோடு போக வேண்டும். நடுவே திணறினால் ரப்பர் தடம் மடங்கியிருக்கிறது, அல்லது துகள் மிஞ்சியிருக்கிறது. தடம் வறண்டிருந்தால் சிலிக்கான் ஸ்பிரே சிறிது அடியுங்கள். கிரீசும் எஞ்சின் எண்ணெயும் கூடாது; ரப்பர் ஊதிப்போகும், தூசியும் ஒட்டும்.

பிறகு உள்தாளை அதே பசையில் ஒட்டுங்கள். ஹேர் டிரையரால் பசையைச் சூடாக்கி அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும். வயர்கள் நுழையும் ஓட்டைகளைச் சுற்றியும் அழுத்துங்கள். கதவை மூடி, ஜன்னலின் வெளிப்பக்கம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடித்துளைகளில் நீர் வடிய வேண்டும்; தாளின் உள்முகம் காய்ந்திருக்க வேண்டும்.

14. டோர் பேடைத் திரும்ப மாட்டுதல்

கதவில் சிக்கி நிற்கும் உடைந்த கிளிப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பேடில் செருகுங்கள். கைப்பிடிக் கேபிளையும் எல்லா வயர்களையும் இணைத்த பிறகு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ஒரு சோதனை: பூட்டின் வாயைத் திருப்புளியால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, உள் கைப்பிடியை இழுங்கள். விடுபட வேண்டும். வெளிக் கைப்பிடியிலும் அதையே செய்யுங்கள். கேபிள் சரியாக மாட்டாத கதவைச் சாத்திவிட்டால், மூடிய கதவின் பேடைக் கழற்றும் தண்டனை காத்திருக்கிறது.

மேல் விளிம்பை முதலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளிப்பும் தன் துளைக்கு நேரே இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் தட்டுங்கள். அதன் பிறகு திருகுகள்.

15. தானியங்கி ஜன்னலுக்குத் திரும்பக் கற்பித்தல்

பேட்டரியைக் கழற்றியதால் ஒரே தட்டில் ஏறும் வசதி நின்றிருக்கலாம். பல கார்களில் ஜன்னலை முழுதாக ஏற்றி, சுவிட்சை விடாமல் சில நொடிகள் பிடித்திருந்தால் மோட்டார் தன் மேல் எல்லையைக் கற்றுக்கொள்ளும். சரியான முறை கையேட்டில் இருக்கும். இது முடியும்வரை, விரல் சிக்கினால் ஜன்னல் தானாக இறங்கும் பாதுகாப்பும் வேலை செய்யாமல் இருக்கலாம். குழந்தைகளை ஏற்றுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். முடிந்ததா என்பதைச் சுருட்டிய துணியை மேல் விளிம்பில் வைத்துச் சோதியுங்கள், விரலை வைத்து அல்ல.

ஓரிரு நாள் ஓட்டிய பிறகு இருக்கைக்கு அடியிலும் தண்டவாளங்களிலும் மீண்டும் வேக்குவம் பிடியுங்கள். அதிர்வில் புதிய துகள்கள் வெளியே வந்திருக்கும். முதல் மழைக்குப் பின் அந்தக் கதவுப் பக்கத் தரைவிரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் கண்ணாடியைத் தொடாதீர்கள். பேடைக் கழற்றி உள்தாளின் கீழ் விளிம்புப் பசையைப் பாருங்கள்.